வண்டலுக்குக் கீழே ஒரு கடல்

தஞ்சைத் தரணியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கல் என்பது வெளியூரிலிருந்து வரும் பொருள். வீடு கட்டச் சல்லி வேண்டுமானால் லாரி மேற்கேயோ தெற்கேயோ போய்வர வேண்டும். அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும் நம் ஊரில் விளைவதில்லை. மாமன்னன் இராசராசன் எழுப்பிய பெருவுடையார் கோயிலின் கருங்கற்கள்கூட இம்மண்ணுக்கு உரியவையல்ல. திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் ஒருவர் நாள் முழுவதும் ஏர் ஓட்டினாலும் கொழுமுனையில் ஒரு கூழாங்கல் தட்டாது. ஆகவே, நிலவியல் என்னும் அறிவியல் மலைநாட்டாருக்கு உரியது, நமக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று நம் மாணவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. ‘உங்கள் மாவட்டத்துப் பாறை எது?’ என்று புவியியல் வகுப்பில் நான் ஆண்டுதோறும் கேட்பதுண்டு. ‘வண்டல்’ என்ற விடை தவறாமல் வரும். வண்டல் பாறையன்று, பாறையின் மேல் போர்த்திய போர்வை.

அந்தப் போர்வை மேற்கே சில பத்து மீட்டர்தான். கிழக்கே கடற்கரையை நோக்கிச் செல்லச் செல்ல அது தடித்துச் சில நூறு மீட்டர் ஆகிறது. அதை உரித்துவிட்டுப் பார்க்க முடியுமானால், மணற்கல், களிப்பாறை, சுண்ணாம்புக்கல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படிவுப்பாறைகளைக் காணலாம். ஆழமான இடங்களில் இவ்வடுக்கின் தடிமன் 5 கிலோமீட்டருக்கும் மேல். திருச்சியில் மலைக்கோட்டையாக நிமிர்ந்து நிற்கின்றதே, அத்தகைய பழம்பாறை நம் வயல்களுக்கு அடியில் அவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது. இடையில் உள்ளதெல்லாம் நீர் கொண்டுவந்து சேர்த்தது. அதிலும் பெரும்பகுதி கடலில் படிந்தது.

படிவுப்பாறை உண்டாகும் விதத்தை விளக்க நமக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. வெள்ளம் வடிந்த வயலில் மறுநாள் காலையில் கால் வைத்தால் புதிய சேறு ஒரு விரற்கடை படிந்திருக்கும். அடுத்த வெள்ளத்தில் அதன்மேல் இன்னொன்று. மேலுள்ள சுமை கீழுள்ளதை அழுத்த, நீரில் கரைந்துள்ள சுண்ணமும் பிறவும் மணலுக்கு மணல் ஒட்டுப் பசையாக அமைய, பல இலட்சம் ஆண்டுகளில் சேறு களிப்பாறையாகிறது, மணல் மணற்கல்லாகிறது, சிப்பியும் பவளமும் குவிந்த இடம் சுண்ணாம்புக்கல்லாகிறது. அதில் அகப்பட்ட உயிரினங்களின் ஓடுகளும் எலும்புகளும் புதைபடிவங்களாகின்றன. இடையே ஒன்று சொல்ல வேண்டும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்ட பின்னர், காவிரியின் சேற்றில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்த படிவு வேலை நம் தலைமுறையில் மெலிந்துவிட்டது.

அத்தனை மண் தங்குவதற்கு இங்கே ஒரு பள்ளம் இருந்திருக்க வேண்டுமல்லவா? அது எப்படி வந்தது? இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகியவை ஒரு காலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே பெருங்கண்டமாக இருந்தன. ஏறத்தாழ 13, 14 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அது பிளந்தபோது, நம் கிழக்குக் கரை அண்டார்க்டிகாவிடமிருந்து பிரிந்தது. பிய்க்கப்பட்ட ஓரம் நேராக அறவில்லை. வடகிழக்கு, தென்மேற்காக நீண்ட வெடிப்புகள் விழுந்து, சில பட்டைகள் அமிழ்ந்தன, சில அப்படியே நின்றன. நிலவியலார் இதனைக் காவிரிப் படுகை என்பர். சமதளமாகத் தோன்றும் நம் டெல்டாவுக்கு அடியில் மலைத்தொடர்களும் பள்ளத்தாக்குகளும் உண்டு. அவற்றுக்கு நம் ஊர்ப் பெயர்களே சூட்டப்பட்டுள்ளன. கும்பகோணத்திலிருந்து பரங்கிப்பேட்டைப் பக்கம் ஓடுவது ஒரு மேடு. பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு இன்னொன்று. தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் ஆகியவை பள்ளங்கள். கும்பகோணத்தார் மேட்டுக்குடியினர், தஞ்சாவூரார் பள்ளத்தில் இருப்பவர் என்று வகுப்பில் நான் சொல்லும்போது சிரிப்பு எழும்.

புதைந்து கிடப்பதை எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி அடுத்து எழும். ஒரு மூலையில் கோரைப் பாய்களை அடுக்கி, மேற்குப் பக்க ஓரத்தை மட்டும் சற்றே தூக்கிவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். கிழக்கே மேல்பாய் மட்டும் தெரியும். மேற்கோரத்தில் ஒவ்வொரு பாயின் விளிம்பும் வரிசையாகத் தெரியும். காவிரிப் படுகையின் பாறைகள் அப்படித்தான் கிழக்கும் தென்கிழக்குமாக மெல்லச் சாய்ந்துள்ளன. விளிம்பு தெரியும் இடம் கொள்ளிடத்திற்கு வடக்கே, அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் திருச்சி மாவட்டத்தின் வடகோடியிலும் உள்ளது. தஞ்சையில் பேருந்து ஏறித் திருவையாறு, திருமானூர், கீழப்பழுவூர் வழியே அரியலூர் செல்பவர், கொள்ளிடப் பாலத்தைக் கடந்த சிறிது நேரத்தில் கறுப்பு மண் போய்ச் செம்மண்ணும், முந்திரியும், வெள்ளைப் புழுதி பூசிய லாரிகளும் வருவதைக் கவனித்திருப்பார். அந்தப் புழுதி சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்லும் சுண்ணாம்புக்கல்லின் புழுதி. உண்மையில் அது பழைய கடலின் சிப்பித் தூள்.

இப்பாறைகளின் பெருமையை உலகுக்கு முதலில் அறிவித்தவர்கள் சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்த கே, கன்லிஃப் என்னும் இருவர். 1840களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் அவர்கள் பொறுக்கிய புதைபடிவங்கள் இலண்டனுக்குச் சென்றன. எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846இல் எழுதினார். பின்னர் இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு ஊர் ஊராகச் சென்று இப்பகுதியை அளந்து 1862இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்று அவர் வகுத்த பெயர்கள் இன்றும் உலகத்துப் பாடநூல்களில் நிலைத்துள்ளன. ஐரோப்பாவின் மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா என்னும் இளைஞர், 1863 முதல் 1873 வரை, இங்கிருந்து சென்ற ஓடுகளை ஒவ்வொன்றாக வரைந்து, பெயரிட்டு, பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே இமயப் பயணம் ஒன்றில் முப்பத்தாறு வயதில் இறந்து, லே நகரில் அடக்கமானார். ஓர் அரியலூர்ச் சிப்பியின் கதையில் எத்தனை நாடுகள்!

இந்த வரிசையில் நம்மவர் ஒருவரும் உண்டு. தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் 1898இல் பிறந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன், 1951இல் இந்திய நிலவியல் அளவைத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர். இந்தியா, பர்மா நிலவியல் குறித்து 1943இல் அவர் எழுதிய நூலைப் படிக்காமல் அத்துறையில் பட்டம் பெற்றவர் ஒரு தலைமுறையில் இலர். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஓடைக்குள் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை 1940இல் உலகறியச் செய்தவரும் அவரே. கல்லில்லா நாட்டிலிருந்து கல்லுக்கொரு பேரறிஞர் வந்தார் என்பதை நம் மாணவர்க்குச் சொல்லிச் சொல்லி நான் சலிப்பதில்லை.

இனி அந்த விளிம்புகளின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக நடப்போம். நடக்க நடக்கக் காலம் இளமையாகும்.

முதலில் தெரணி. பீங்கானுக்கு உதவும் வெள்ளைக் களிமண் வெட்டும் குழிகள் அங்குண்டு. அக்களியின் தகடுகளைப் பிளந்தால் சீப்புப் போன்ற இலைத் தடங்கள் தெரியும். பூக்கும் செடிகள் பெருகுவதற்கு முந்திய காலத்து இலைகள் அவை. இன்னும் கடல் வரவில்லை. அடுத்து டால்மியாபுரம் என்ற கல்லக்குடி. அரசியல் வரலாற்றில் 1953ஆம் ஆண்டுப் போராட்டத்தால் பெயர் பெற்ற இவ்வூர், நில வரலாற்றில் பவளத்தாலும் கடற்பாசியாலும் பெயர் பெற்றது. ஏறத்தாழ 10, 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உள்ளே புகுந்தபோது, அதன் ஆழமற்ற ஓரத்தில் பவளத்திட்டுகள் வளர்ந்தன. 1939இல் அங்கே தொடங்கிய சிமெண்ட் ஆலை அந்தத் திட்டுகளையே அரைத்தது.

காரை என்னும் ஊரருகே உள்ள நிலத்தைப் போல இன்னொன்றைத் தமிழ்நாட்டில் நான் கண்டதில்லை. மரம் இல்லை, பயிர் இல்லை. மஞ்சளும் சாம்பலுமான களி, மழைநீர் அறுத்த ஓடைகளால் ஆயிரம் மடிப்புகளாகக் கிடக்கிறது. வெயிலில் தரை மினுமினுக்கும். கண்ணாடிச் சில்லோ என்று குனிந்து பார்த்தால் ஜிப்சம். மழைக்குப் பின் சென்றால் களியிலிருந்து விரல் நீளக் கற்குச்சிகள் கழுவப்பட்டுக் கிடக்கும். கணவாய் மீனின் தொல் உறவினமான பெலம்னைட்டின் உள்ளோடு அது. கூடவே அம்மோனைட்டுகள்: ஆட்டுக் கொம்பு போலச் சுருண்ட ஓடுகள், உள்ளங்கை அளவு முதல் முறம் அளவு வரை. இவற்றை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். நம் வீடுகளின் பூசையறையில் உள்ள சாளக்கிராமம், நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் கல்லே. கண்டகிக் கல் இன்னும் பழையது. ஆனால் உயிரினம் ஒரே குடும்பம்.

காரையின் களி படிந்த காலத்தில் உலகெங்கும் கடல் மட்டம் மிக உயர்ந்திருந்தது. இங்கிலாந்தின் தென்கரையில் வெண்சுண்ணப் பாறை படிந்ததும் அந்நாள் தொடங்கித்தான். அக்காலத்துக்குக் கிரிட்டேசியஸ் என்ற பெயரே இலத்தீனில் சுண்ணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அன்றைய அறிஞர்களைத் திகைக்க வைத்த செய்தி வேறு. நருமதைப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் அக்காலக் கடல் ஓடுகள் ஐரோப்பிய, அரபிய ஓடுகளை ஒத்திருந்தன. திருச்சியின் ஓடுகளோ தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையோடு உறவு கொண்டாடின. ஒரே நாட்டின் இரு கடல்கள் ஒன்றோடொன்று கலக்கவில்லையென்றால் இடையே ஒரு பெருநிலம் தடுத்திருக்க வேண்டும் அல்லவா? கண்டங்கள் நகர்ந்தன என்ற கருத்து வேரூன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, நம் பக்கத்து ஊரின் சிப்பிகள் அதற்குச் சாட்சி சொல்லி வந்தன.

கருடமங்கலத்துச் சிப்பிக் கல்லை மெருகிட்டால் பளிங்கு போல ஒளிரும். சென்ற நூற்றாண்டுகளில் ‘திருச்சிப் பளிங்கு’ என்ற பெயரில் அலங்காரப் பொருள்கள் செய்தனர். அதைத் தாண்டி வருவது கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள் பலர். அவ்வூரின் பெயர் தாங்கிய சுண்ணாம்புக்கல்லைக் கண்டவர் சிலர். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையுள்ள அக்கல் முழுவதும், கையளவு தடித்த சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அரியலூர்ச் சிமெண்டால் பூசிய சுவர் ஒவ்வொன்றிலும், நம் கல்லூரிச் சுவர் உட்பட, இவற்றின் தூள் இருக்கக்கூடும்.

பிறகு கடல் பின்வாங்கியது. கல்லமேட்டில் உள்ளவை ஆறுகள் கொண்டுவந்த மணலும் களியும். அங்கே டைனோசார்களின் எலும்புகள் கிடைத்தன. 1980களின் பிற்பகுதியில் இரு இந்திய நிலவியலார் விவரித்த எலும்புகளுக்கு ‘பிருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தனர். பிருகதீசுவரர் என்பதில் உள்ள அதே ‘பிருகத்’தான், பேருடல் படைத்த பல்லி என்பது பொருள். இரண்டு மீட்டர் நீளக் கால் எலும்பு என்றனர். உலகிலேயே மிகப் பெரிய நிலவிலங்கு இதுவாக இருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. எலும்பா, கல்மரமா என்று ஐயுற்றவர்களும் உண்டு. இனி அதைத் தீர்க்க இயலாது. ஈரமும் உடையும் தன்மையும் கொண்ட அவ்வெலும்புகள் காக்கப்படாமல் பொடிந்துபோயின. எஞ்சியவை படங்களே. 2013இல் அதே கல்லமேட்டுப் பாறையிலிருந்து ஒரேயொரு சிறு பல் அறிவிக்கப்பட்டது. வடபாதிக் கண்டங்களில் மட்டும் வாழ்ந்ததாக எண்ணப்பட்ட ட்ரூடாண்டிட் என்னும் டைனோசார் இனத்தின் பல் அது. ஒரு பல் ஒரு கொள்கையை அசைக்கும். ஓர் எலும்புக் குவியல் மழையில் கரையும். காப்பவர் உண்டா இல்லையா என்பதே வேறுபாடு.

செய்தித்தாள்களில் அவ்வப்போது வரும் ‘டைனோசார் முட்டை’களைப் பற்றியும் ஒரு சொல். செந்துறைப் பக்கம் 2009இல் முட்டைக் குவியல்கள் அறிவிக்கப்பட்டதைப் பலர் அறிவர். 2020இல் குன்னத்தில் ஏரி வெட்டியபோது உருண்டைகள் வர, ஊரே திரண்டு முட்டை என்றது. ஆராய்ந்தவர்கள் அம்மோனைட்டைச் சுற்றிக் கடல் மண் இறுகிய உருண்டைகள் என்றனர். முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்தது. எனக்கு அதுதான் வருத்தம். கரையிலிருந்து இத்தனை தொலைவில் ஏரிக்குள் கடல் கிடக்கிறது என்பது முட்டையைவிடச் சிறிய அதிசயமா?

கடைசி விளிம்பு நின்னியூர். கடல் மீண்டும் வந்து படிந்த சுண்ணாம்புக்கல் அங்கே உள்ளது. நத்தை உண்டு, பாசி உண்டு, அம்மோனைட்டின் உறவினமான நாட்டிலஸ்கூட உண்டு. ஆனால் அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசார்களோடு அந்த இனமும் உலகம் முழுவதும் அற்றுப்போயிற்று. அந்தப் பேரழிவின் இக்கரையும் அக்கரையும் அரை நாள் நடைக்குள் இருக்கும் இடங்கள் உலகில் மிகச் சில.

நின்னியூருக்கும் கிழக்கே பாறைகள் கண்ணுக்கு மறைந்து, கொள்ளிடத்திற்கு இப்பால் நம் வயல்களுக்கு அடியில் சாய்கின்றன. அவற்றைத் துளைபோட்டுத்தான் அறிய முடியும். எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் 1964இல் காரைக்காலில் முதல் ஆழ்துளை இட்டது. அதிலிருந்து துளைகள் பெருகப் பெருக, அரியலூர்ப் பாறைகளின் சமகாலத்தவை கீழே இன்னும் தடித்து இருப்பது தெரிந்தது. அவற்றுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: குடவாசல் களிப்பாறை, நன்னிலம் தொகுதி, அதற்கும் மேலே கமலாபுரம், காரைக்கால். நன்னிலத்து மாணவர் ஒருவர், தம் ஊர்ப் பெயரில் ஒரு பாறை இருப்பதை எண்ணெய் ஆய்வு நூலில் கண்டு என்னிடம் ஓடிவந்தார். 1985இல் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. அந்தக் கடலின் சேற்றில் மக்கிய நுண்ணுயிர்கள் ஆழத்தின் வெப்பத்தில் வெந்து எண்ணெயாகி, மேலேறி, அந்தப் புதைந்த மேடுகளின் தோள்களில் தேங்கியவையே நம் பகுதிக் கிணறுகள் எடுப்பவை.

இங்கேதான் நிலவியல் உழவர் வாசலுக்கு வருகிறது. எண்ணெய் ஆழத்தில் உள்ளது. அதற்கு வெகு மேலே, வண்டலுக்கு நேர் அடியில், கடலூர் மணற்கல் என்னும் இளைய அடுக்கு உண்டு. தஞ்சைக்குத் தெற்கே வல்லம், ஒரத்தநாடு, கந்தர்வக்கோட்டைச் செம்மண் மேட்டில் அது தலைகாட்டுகிறது. திருவக்கரைக் கல்மரங்கள் கிடப்பது அதே மணற்கல்லில்தான். வல்லத்துப் படிகக் கற்களைத் தேய்த்து மூக்குக் கண்ணாடி செய்த தஞ்சைக் கைத்தொழிலை முதியோர் அறிவர். அந்த மேட்டில் பெய்யும் மழை மணற்கல்லுக்குள் இறங்கிக் கிழக்காகச் செல்கிறது. மேலே களிமண் மூடியிருப்பதால் தப்ப வழியின்றி அழுத்தத்தோடு நிற்கிறது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் துளையிட்டால் மோட்டார் இல்லாமலே நீர் பொங்கிய கதை அதனால்தான். மேட்டூர் திறக்காத ஆண்டிலும் நாற்றங்காலைக் காப்பாற்றுவது இந்தக் கல்லே. அழுத்தம் குறையும் அளவுக்கு இறைத்தால் பொங்கிய குழாய் நின்றுவிடும். கடலோரத்தில் வெற்றிடத்தை உப்புநீர் நிரப்பும்.

அதே மணற்கல்லுக்குள் பழுப்பு நிலக்கரியும் இருக்கிறது என்பதே சிக்கல். நெய்வேலியில் சுரங்கத்தின் தரை கீழிருக்கும் நீரழுத்தத்தால் வெடிக்காதிருக்க, இடைவிடாமல் நீரை இறைத்தபடியே வெட்டுகிறார்கள். மன்னார்குடிப் பக்கம் அந்நிலக்கரி இன்னும் ஆழத்தில் உள்ளது. அதிலிருந்து மீத்தேன் எடுக்க 2010இல் ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. நிலக்கரி அடுக்கிலிருந்து முதலில் நீரை வெளியேற்றினால்தான் மீத்தேன் விடுபடும் என்பது அம்முறையின் அடிப்படை. உழவர்கள் அஞ்சியது இதைத்தான். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தம் இறுதி நாள்களில் ஊர் ஊராகச் சென்று பேசியதும் இதையே. அவர் 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் காலமானார். திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. 2020இல் தமிழ்நாடு அரசு தஞ்சை, திருவாரூர், அன்றைய நாகை மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றி, புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுகளைத் தடுத்தது. முன்பே இருந்த கிணறுகளுக்கு அது பொருந்தாது. 2023இல் ஒரத்தநாடு அருகேயுள்ள வடசேரியின் பெயர் ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக்குப் பின் சில நாள்களிலேயே நீக்கப்பட்டது.

எண்ணெய்க் கிணறு இருந்தாலே வயல் பாலையாகும் என்பாரும் உளர். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பது வயலைத் தொடாது என்பாரும் உளர். இரு கூற்றையும் நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு குழாயும் நம் குடிநீர் மணற்கல்லைத் துளைத்துக்கொண்டுதான் கீழே போகிறது. அதைச் சுற்றியுள்ள சிமெண்ட் உறை எவ்வளவு காலம் உறுதியாக நிற்கும் என்பதே கேள்வி. அக்கேள்விக்கு முழக்கத்தால் விடை வராது. ஒவ்வோர் ஊராட்சியிலும் நிலத்தடி நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் ஆண்டுதோறும் பலகையில் எழுதி வைத்தால் வரும். நீர்மட்டத்தை நம் மாணவர்களே அளக்கலாம்; அதற்கு வேண்டுவது ஓர் அளவு நாடாவும் பொறுமையும். வல்லம் மேட்டின் மழை ஏறும் வழியில் கட்டடங்கள் பெருகுவதையும் அத்துடன் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதைப் பற்றி யாரும் ஊர்வலம் போவதில்லை.

சுண்ணாம்புச் சுரங்கங்களைப் பற்றியும் இதே மனநிலைதான் எனக்கு. அவை புதைபடிவங்களை அரைக்கின்றன, உண்மை. ஆனால் அவை வெட்டிய சுவர்களில்தான் இப்பாறைகளின் அடுக்கை நாம் இவ்வளவு தெளிவாகப் பார்க்கிறோம். ஒரு சுவரை, ஒரே ஒரு சுவரை, அரைக்காமல் விட்டுவைக்கும்படி ஒவ்வொரு சுரங்கத்திலும் கேட்கலாம். வாரணவாசியில் அரசு அமைத்துள்ள புதைபடிவ அருங்காட்சியகம் நல்ல தொடக்கம். எனினும் அலமாரிக்குள் வைக்கும் கல்லுக்கும் பாறைக்குள் இருக்கும் கல்லுக்கும் வேறுபாடு உண்டு. எடுத்த கல் தன் வயதை மறந்துவிடும்.

வரும் தை மாதத்தில் புவியியல் துறை மாணவர்கள் காரைக்கும் சாத்தனூருக்கும் செல்கிறோம். வடகிழக்குப் பருவமழை களியைக் கழுவிவிட்டிருக்கும், வெயிலும் கடுமையாயிராது. பிற துறையினரும் சேரலாம். தொப்பி, குடிநீர், குறிப்பேடு, ஒரு பூதக்கண்ணாடி போதும். சுத்தியல் வேண்டாம். கண்டதை வரைந்துகொள்ளலாம், படம் எடுக்கலாம். பையில் போட்டுக்கொண்டு வருவதற்கு அனுமதி இல்லை. பெயர் கொடுக்க விரும்புவோர் மார்கழி முடிவதற்குள் துறை அலுவலகத்தில் பதிந்துகொள்க.